நாலு தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்தாதீர்கள்

மகள் முதன்முதலாக மேடையேற 16 நாள் இருக்கும்போது அவளுடைய வயலினைக் கெடுத்தவன் நான். சின்னவன் விழுத்தவில்லை, பூனை தட்டவில்லை. நானேதான், பட்டப்பகலில், பட்டறை மேசையில் வைத்துக் கெடுத்தேன். எனக்குத் தொழில் தச்சு. முதிரையிலும் பாலையிலும் நிலை, கதவு, கட்டில் செய்கிறவன். மரம் என்றால் எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது விசுவமடுப் பக்கம், வீட்டுத்திட்ட வீடு. மகள் 2019 இல், எட்டு வயதில், கிளிநொச்சியில் ஒரு ரீச்சரிடம் பழகத் தொடங்கினாள். ரீச்சர் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர். எங்கள் வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது. நான் சின்னப் பெடியனாக இருந்த காலத்தில் வன்னியில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்டோம். பாட்டுத் தேய்ந்துகொண்டு போனால் சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். என்னுடைய இசையறிவு அதோடு சரி. மகளோ பள்ளிக்கூட வாணி விழாவில் ஒரு அக்கா வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்து ஒரு கிழமையாய் ஒரே பல்லவி பாடினாள். கனடாவில் இருக்கிற என் தங்கச்சி காசு அனுப்பினாள். வாங்கினோம்.

வாங்கும்போது ஒன்று கற்றுக்கொண்டேன். வளருகிற பிள்ளைதானே என்று தொளதொளவெனச் சட்டை தைப்பதுபோலப் பெரிய வயலின் வாங்கக்கூடாது. கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் இருக்கின்றன. பிள்ளை இடது கையை நீட்டி வயலினைப் பிடித்தால், முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க, சுருள் தலை உள்ளங்கைக்குள் வரவேண்டும். கை விறைத்து நீண்டால் அது அவளுக்குப் பெரிது. நாங்கள் அரை வயலினில் தொடங்கி, 2022 தொடக்கத்தில் முக்காலுக்கு மாறினோம்.

முதல் மாதத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். வீணையில் இருப்பதுபோல விரலுக்கு இடம் காட்டுகிற மெட்டுக்கள் வயலினில் இல்லை. விரலை எங்கே வைப்பது என்று பிள்ளை தடவிக்கொண்டிருந்தாள். அளவு நாடாவைக் கொண்டுவந்து விரற்பலகையில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுத் தரட்டுமா என்று ரீச்சரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, கோடு போட்டால் பிள்ளை கோட்டைப் பாப்பாள். கேக்க மாட்டாள்." நாடாவை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

அடுத்து தாளம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டி வீசுவது இரண்டு தரம். இதையாவது போட்டுக் கொடுப்போமே என்று நான் பழகினேன். பழகி, தொடையில் தட்டி, பெருமையோடு வகுப்பிலும் போட்டேன். எனக்குப் பிடித்த இடம் வந்தால் என் கை ஓடத் தொடங்கிவிடும். பிள்ளை பின்னால் ஓடிவருவாள். இரண்டு சனிக்கிழமை பொறுத்திருந்த ரீச்சர் மூன்றாவது சனிக்கிழமை சொன்னார்: "தம்பி, நீங்கள் தாளம் போடேல்லை, ஆணி அடிக்கிறியள்." அதற்குப் பிறகு போனில் தாளச் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிடித்த இடம், பிடிக்காத இடம் என்று எதுவும் இல்லை.

அப்படியானால் சங்கீதம் தெரியாத தகப்பன் என்னதான் செய்யலாம்? எனக்கு அது கொரோனாக் காலத்தில் பிடிபட்டது. வகுப்பு வட்ஸ்அப்பில் நடந்தது. எங்கள் பக்கம் சிக்னல் ஒரு வேப்பமரத்தடியில் மட்டும்தான் ஒழுங்காக வரும். சத்தம் பிந்தி வரும், சுருதி சேர்ந்ததா என்று ரீச்சருக்கே சரியாய் விளங்காது. ஆனால் வில் கோணலாகப் போவது எனக்குத் தெரிந்தது. வில் தந்திக்குச் செங்குத்தாக, குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கிற மரத்துண்டுக்கு, சமாந்தரமாகப் போகவேண்டும். நுனிக்குப் போகும்போது பிள்ளைகளின் கை உடம்புக்குப் பின்னால் வளைந்துவிடும், சத்தம் கீச்சிடும். இது இசையல்ல, மூலைமட்டம் வைக்கிற வேலை. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பாயைப் போட்டு அவளை இருத்தி, வெறுந்தந்தியில் எட்டு எண்ணி ஒரு வில், எட்டு எண்ணி மறு வில் என்று இழுக்கவைத்தேன். "கோணுது" என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் அது என் வேலையல்ல.

பயிற்சி பற்றியும் சொல்லவேண்டும், நாங்கள் நிறையப் பிழைவிட்ட இடம் அது. தொடக்கத்தில் மனைவியும் நானும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணித்தியாலம் வாசித்தால் நல்ல பிள்ளை. பிள்ளையும் கெட்டிக்காரி, தெரிந்ததையே முதலிலிருந்து கடைசிவரை ஏழெட்டுத் தரம் வாசித்து மணித்தியாலத்தை நிரப்பிவிடுவாள். இடறுகிற இடம் இடறியபடியே இருந்தது. ரீச்சர் சொல்லி முறையை மாற்றினோம். காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன் 20 நிமிடம், அவ்வளவுதான். இடறுகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, பாதி வேகத்தில் வாசிக்கவேண்டும். இரண்டு சிரட்டை, ஐந்து புளியங்கொட்டை. பிழையில்லாமல் வாசித்தால் ஒரு கொட்டை மற்றச் சிரட்டைக்குப் போகும், பிழைத்தால் ஒன்று திரும்பி வரும். ஐந்தும் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு அந்த இடம் முடிந்தது. சில நாள் ஐந்து நிமிடத்தில் முடியும். சில நாள் நாலு கொட்டை போய் நாலும் திரும்பி வரும். அப்போது சிரட்டை பறக்கும், நாங்கள் பொறுக்கி வைப்போம்.

2022 புரட்டாசியில் நவராத்திரிக்கு, எங்கள் பக்கத்துக் கோயிலில் கால் மணித்தியாலம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அதற்கு முன் அவள் வட இலங்கை சங்கீத சபையின் முதலாம் தரப் பரீட்சைக்கு வாசித்திருக்கிறாள். ஆனால் பரீட்சை அறை வேறு, ஊர்ச்சனம் வேறு. பரிபாலன சபைக் கூட்டத்தில் வயது போன ஒரு ஐயா தடுத்தார்: "நாதஸ்வரம் இருக்கேக்க, வெள்ளைக்காரன்ர உந்தச் சாமான் கோயிலுக்கு என்னத்துக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை, ரீச்சரைப் போய்க் கேட்டேன். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வாசிப்பைப் பழகி நம்முடைய சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார் என்றும், அவர் 1786 இல் பிறந்து 1858 இல் காலமானவர் என்றும் சொன்னார். ஏறத்தாழ இருநூறு வருசம். வெள்ளைக்காரர் நின்று வாசித்ததை நம்மவர்கள் சம்மணமிட்டு, சுருள் தலையை வலது காலில் ஊன்றி, இரண்டு கையும் சுதந்திரமாக ஓடும்படி மாற்றிக்கொண்டார்கள். நாலு தந்தியையும் ஸ, ப, ஸ, ப என்று தங்கள் சுருதிக்கே திருப்பிக்கொண்டார்கள். நான் இதை ஐயாவிடம் ஒப்புவித்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப சரி. ஆனா தேவாரம் ஒண்டும் வாசிக்கச் சொல்லும்."

அப்படித்தான் மூன்றாவது உருப்படி வந்தது. மலகரி ராகத்தில் ஒரு கீதம், பிறகு மோகன ராகத்தில் ஒரு வர்ணம், கடைசியில் தேவாரம். மோகனத்தில் ஐந்து சுரந்தான், பிள்ளைகளுக்கு வசதி. இன்னும் பெரிதாக ஒரு கீர்த்தனை வாசிக்கலாமே என்று நான் கேட்டேன், பெற்றாருக்கு ஆசை விடுமா. ரீச்சர் மறுத்துவிட்டார். மேடையில் புதுசு வேண்டாம், ஆறு மாதத்துக்கு முன்பே கைக்கு வந்தது மட்டும் போதும் என்றார். அதோடு ஒரு தப்பிக்கிற வழியும் சொல்லிக் கொடுத்தார்: "எங்க விட்டாலும் தேடாதை. தாளத்தைப் பிடிச்சுக்கொண்டு பல்லவிக்கு வா." இதையும் ஒரு பாடம்போலப் பழக்கினார். வாசித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கைதட்டி நிறுத்துவார். மிருதங்கம் வாசிக்கிற பெடியன் நிறுத்தமாட்டான். அவள் அடுத்த ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் அடுத்த சுற்றில், பல்லவியில் ஏறிக்கொள்ளவேண்டும்.

மேடைக்குப் பழக்க நாங்கள் சிறிது சிறிதாகச் சபையைக் கூட்டினோம். முதலில் அம்மம்மாவும் சின்னவனும். பிறகு பக்கத்து வீட்டார். பிறகு பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனையில் ஒரு கீதம். இதற்கிடையில் என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று: பட்டறையில் ஒரு மூலையில் பாய் விரித்து வாசிக்கவைத்தேன். நான் சீவுளி போடுவேன், ஆணி அடிப்பேன், யாராவது வந்து கட்டில் விலை கேட்பார்கள். முதல் நாள் நாலு தரம் நிறுத்தி என்னை முறைத்தாள். ஒரு கிழமையில், பலகை விழுந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோயிலில் பிள்ளை அழும், மணி அடிக்கும், கடலைச் சரை கசங்கும். சங்கீதம் தெரியாத தகப்பன் கொடுக்கக்கூடிய பயிற்சி இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உடுப்போடும் வாசித்துப் பார்க்கவேண்டும். இது எங்களுக்குத் தற்செயலாகத் தெரிந்தது. பட்டுப் பாவாடையைப் போட்டுப் பார்க்கிற ஆசையில் ஒரு நாள் உடுத்தியபடியே இருந்து வாசித்தாள். சுருள் தலை காலில் நிற்கவே இல்லை, பட்டில் வழுக்கி வழுக்கிப் போனது. பருத்தித் துணியை நாலாய் மடித்துக் காலுக்கும் சுருளுக்கும் நடுவில் வைத்தோம், நின்றது. வலது கைக் காப்பு வில்லோடு கிலுங்கியது, கழற்றியாயிற்று. நீளச் சங்கிலி வயலினில் உரசியது, அதையும் மனைவி முகத்தைச் சுழித்துக்கொண்டு கழற்றினாள்.

இப்போது என் கதை. 16 நாள் இருக்கிறது. ரோசின் தூள் குதிரையடியில் வெள்ளையாய்ப் படிந்து இறுகியிருந்தது. ரோசின் என்பது பைன் மரப் பிசின், வில்லின் மயிரில் பூசுவது. ஒவ்வொரு நாளும் வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் ஒன்றும் ஆகாது. நாங்கள் துடைக்கவில்லை. மேடைக்குப் போகிற சாமான் பளிச்சென்று இருக்கட்டும் என்று எடுத்தேன். தந்திகள் குறுக்கே நின்றன. தந்திகளை இறுக்குகிற முளைகளான பிரடைகளைத் திருகி நாலு தந்தியையும் தளர்த்தினேன். குதிரை சாய்ந்து விழுந்து ஒரு கால் வெடித்தது. அடடா என்று குனிந்தபோது உள்ளுக்குள் "டொக்" என்று ஒரு சத்தம். தூக்கி அசைத்தேன், ஏதோ உருண்டது. துவாரத்துக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தால் பென்சில் தடிப்பில் ஒரு குச்சி. எங்கே இருந்து கழன்றது என்று தெரியவில்லை. என் கை பழக்கத்தில் பசைப் போத்தலுக்குப் போனது. மூடியைத் திறந்தும்விட்டேன். ஏனோ முதலில் ஒரு படம் எடுத்து ரீச்சருக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் போன் வந்தது. வணக்கமும் இல்லை, சுகமும் கேட்கவில்லை. "ஒண்டையும் ஒட்டிப்போடாதேங்கோ தம்பி!"

திருத்துகிறவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அது எரிபொருள் நெருக்கடிக் காலம். கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான், அதில் வேலைக்கும் ஓடவேண்டும். பஸ்ஸில் போனேன். பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம் என்று வயலினை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன், மேலே தட்டில் வைக்கவில்லை. அவர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வயலினை ஒரு தரம் அசைத்துப் பார்த்தார். "நாலையும் ஒண்டாத் தளத்தினீரோ?" ஓம் என்றேன். "என்ன தொழில்?" சொன்னேன். "தச்சுக்காரர்தான் கூடுதலா ஒட்டிக்கொண்டு வாறவை" என்றார். நான் பசைப் போத்தலைத் திறந்த கதையைச் சொல்லவில்லை.

அந்தக் குச்சி மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில், மெல்லிய தந்திப் பக்கத்துக் குதிரைக் காலுக்குச் சற்றுப் பின்னால் செங்குத்தாக நிற்பது. மேற்பலகையின் அதிர்வு பின்பலகைக்கு இறங்குவது அதன் வழியாகத்தான். அது ஒட்டப்படுவதே இல்லை. தந்திகளின் இழுவை குதிரையை அமுக்க, குதிரை பலகையை அமுக்க, அந்த அமுக்கத்தில்தான் நிற்கிறது. நாலு தந்தியும் தளர்ந்தால் விழுந்துவிடும். ஆகவே துடைப்பதானாலும் தந்தி மாற்றுவதானாலும் ஒவ்வொன்றாகத்தான். ஒன்றைக் கழற்றி, மாட்டி, இறுக்கிய பிறகே அடுத்தது. அவர் "எஸ்" வடிவில் வளைந்த ஓர் இரும்பின் கூர்நுனியில் குச்சியைக் குத்தி, துவாரத்துக்குள்ளால் விட்டு, வயலினின் அடிப்பக்கத் துளையால் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே நிறுத்தினார். இரண்டு தரம் விழுந்தது. மூன்றாம் தரம் நின்றது. 25 வருசமாய் உளி பிடிக்கிற எனக்கு அந்தக் கை வராது, அது பார்த்ததும் தெரிந்தது. பலகைகளை ஒட்டியிருக்கிற பசையும் வேறாம், விலங்குத் தோலில் காய்ச்சுவது. திருத்தவேண்டி வந்தால் சூடும் ஈரமும் காட்டிக் கழற்றலாம். நாங்கள் பாவிக்கிற மரப்பசையில் ஒட்டினால் மரத்தைக் கிழித்துத்தான் கழற்றவேண்டிவரும்.

புதுக் குதிரைக்கு அடிக்கால்களைப் பலகையின் வளைவுக்குச் சீவிப் பொருத்தவேண்டும், நாலு நாள் கழித்து வரச் சொன்னார். ஆளைத் தேடியது, போனது, வந்தது எல்லாம் சேர்த்து 16 இல் ஏழு நாள் போயிற்று.

வீட்டில் மகள் அழவில்லை. ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை, அதற்கு அழுதிருக்கலாம். ரீச்சர் வயலின் இல்லாமலே அவளைக் கொண்டுவரச் சொன்னார். சம்மணமிட்டு இருத்தி, வர்ணம் முழுவதையும் சுரமாகப் பாடவைத்தார். கையில் தாளம், வாயில் சுரம். பிறகு வாய் மூடி, வலது முழங்கையில் இடது கை விரல்களை ஓட்டி, மனதுக்குள். வீட்டிலும் அதையே செய்தாள். சோறு தின்னும்போதுகூட இடது கை மேசையில் ஓடும். வயலின் திரும்பி வந்தபோது, வர்ணத்தின் நடுவில் சரணத்துக்கு முன் வருகிற முத்தாயி சுரத்தில் அவள் எப்போதும் தடுமாறுகிற இடம் தடுமாறவில்லை. இதற்காக யாரும் வயலினை உடைக்கவேண்டியதில்லை. கிழமைக்கு இரண்டு நாள் வாத்தியத்தைத் தொடாமல் பாடவைத்தால் போதும்.

திருத்தியவர் தேய்ந்த பழைய தந்திகளை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருந்தார். அந்த வருசம் டொலர் பிரச்சினையில் தந்தி விலை ஏறிக் கிடந்தது, எவ்வளவு என்று வீட்டில் சொல்லவில்லை. புதுத் தந்தி சில நாளுக்கு இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக நான் பிரடையைத் திருக, மகள் "இன்னும், இன்னும், காணும்" என்று சொல்லித்தான் சுருதி சேர்ப்போம். திருத்தியவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்: "மேடையில நீரோ ஏறப்போறீர்?" அடிப்பக்கத்தில் நாலு தந்திக்கும் சின்னத் திருகாணிகள் பூட்டிக் கொடுத்தார். பிரடையைத் திருகப் பிள்ளையின் கைக்குப் பலம் போதாது, திருகாணிக்கு விரல் நுனி போதும். மிச்ச ஒன்பது நாளும் நாளுக்கு மூன்று தரம் அவளே சேர்த்தாள். எனக்கு விடப்பட்டது பிரடை மட்டும். அதிலும் ஒரு சங்கதி: சோளகக் காலத்தில் எங்கள் பக்கம் மரம் காய்ந்து பிரடை வழுக்கும், வெண்கட்டித் தூள் கொஞ்சம் தடவினால் பிடிக்கும். மாரியில் ஊதி இறுகும், அப்போது உலர்ந்த சவர்க்காரத்தில் ஒரு தேய்ப்பு. திருகும்போது உள்நோக்கி அமுக்கித் திருகவேண்டும்.

அந்த நாள் வந்தது. பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு இடியப்பமும் சொதியும். தலை பின்னும்போது எண்ணெய்க் கையோடு வில்லைத் தொட்டுவிடாதே என்று மனைவிக்கு மூன்று தரம் சொன்னேன். மயிரில் எண்ணெய் பட்டால் வில் தந்தியில் பிடிக்காது, வழுக்கும். கனடாவிலிருந்து தங்கச்சி, லண்டனிலிருந்து அண்ணை, இரண்டு பேருக்கும் வீடியோக் கோலில் நேரடியாகப் பார்க்கவேண்டுமாம். மறுத்துவிட்டேன். தகப்பன் போனைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நின்றால் பிள்ளை போனைத்தான் பார்க்கும். பக்கத்து வீட்டுப் பெடியனைப் பின் தூணோடு நின்று எடுத்து அனுப்பச் சொன்னேன். தங்கச்சி கோபித்தாள், ஒரு மாதத்தில் ஆறிவிட்டாள்.

ஏழு மணி என்றார்கள். ஒன்பதே காலுக்குத்தான் மேடை கிடைத்தது. நடுவில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நாலு பேருக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்குத் திருப்பிப் பொன்னாடை. பிள்ளைகளை அலங்கரித்து இருத்தி வைத்துவிட்டுப் பெரியவர்கள் மைக்கை விடாமல் பிடித்துக்கொள்வது நம்முடைய ஊர்களில் ஒரு வியாதி. நாங்கள் ஒரு பாயும் போத்தல் தண்ணியும் கொண்டுபோயிருந்தோம். மடைப்பள்ளிப் பக்கத்துத் திண்ணையில் அவள் சாய்ந்து நித்திரையே கொண்டுவிட்டாள். அரை மணித்தியாலத்துக்கு முன் எழுப்பி, முகம் கழுவி, கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன விசயம், மறந்தால் பெரிய விசயம். கை குளிர்ந்திருந்தது. "பயப்படாதை" என்று சொல்ல வாய் உன்னியது. அதைச் சொன்னால்தான் பயம் என்ற ஒன்று இருப்பது நினைவுக்கு வரும் என்று ரீச்சர் முன்பே எச்சரித்திருந்தார். சுடுதேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கக் கொடுத்தேன்.

மைக்காரப் பெடியன் நல்லவன், ஆனால் எக்கோப் பிரியன். எக்கோ போட்டால் பிள்ளைக்குத் தன் சுரமே இரட்டையாய்க் கேட்டுச் சுருதி தவறும். தயவாகக் கேட்டுக் குறைக்கச் செய்தேன். மைக்கை அவள் இருந்த உயரத்துக்கு இறக்கி, வில் தட்டாத தூரத்தில் வைத்தோம். கரண்ட் வெட்டுகிற காலம், அதனால் சுருதிப் பெட்டிக்குப் புதுப் பற்றரி. மிருதங்கத்துக்கு எந்தச் சுருதி என்று இரண்டு கிழமைக்கு முன்பே சொல்லியிருந்தோம்.

கீதம் போனது. வர்ணம் தொடங்கியது. பின்னேரம் பெய்த மழையில் மண்டபம் புழுங்கியது. முத்தாயி சுரம் முடிந்து பல்லவிக்கு வந்தாள், அந்த வரியை முடித்தாள், வில்லை மடியில் வைத்தாள். அவ்வளவுதான், நிறுத்திவிட்டாள். மிருதங்கமும் நின்றது. எனக்கு வயிறு கலங்கியது. பின்னால் யாரோ ஒரு பெண், "மறந்து போச்சுதாக்கும், பாவம்" என்றது தெளிவாகக் கேட்டது. நான் எழும்பிவிட்டேன். எழும்பி என்ன செய்யப் போனேன் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த ரீச்சர் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் சேட்டு நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

அவள் முதலாம் தந்தியை விரலால் சுண்டினாள். தலையைச் சரித்துச் சுருதிப் பெட்டியைக் கேட்டாள். திருகாணியை ஒரு கால் சுற்றுத் திருகினாள். மறுபடி சுண்டினாள். வில்லை எடுத்து வெறுந்தந்தியில் மெதுவாக ஓர் இழுப்பு, இன்னுமொரு சின்னத் திருகு. இரண்டாம் தந்தியோடு சேர்த்து இழுத்துப் பார்த்தாள். அரை நிமிடம் இருக்கும். சனம் முழுக்கக் காத்திருந்தது, அவள் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மிருதங்கப் பெடியனைப் பார்த்துத் தலையசைத்தாள், சரணம் தொடங்கியது. சரணத்தில் மேலே ஏறுகிற இடமெல்லாம் முதலாம் தந்திதானே. தேவாரம் வாசிக்கும்போது அந்த ஐயா தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கேட்டாரோ நித்திரையோ தெரியாது, முடிந்ததும் வந்து ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு வாசிப்பைப் பற்றி ஒன்றும் கதைப்பதில்லை என்று மனைவியும் நானும் முன்பே பேசி வைத்திருந்தோம். நல்லதோ பிழையோ, எல்லாம் சனிக்கிழமை ரீச்சர் சொல்லட்டும். அவலும் கடலையும் சாப்பிட்டோம். தூறல் விடவில்லை. வயலின் பெட்டியை ஓர் உரப்பைக்குள் இறக்கி வாயைக் கட்டி மனைவியிடம் கொடுத்தேன். மகள் எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"அப்பா, முதலாம் தந்தி இறங்கினது உங்களுக்குக் கேட்டதோ?"

"இல்லைப் பிள்ளை. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப ஏன் எழும்பினீங்கள்?"

நான் மோட்டார் சைக்கிளை ஸ்ராட் செய்தேன்.